முதல் மாதவிலக்குக்காகக் காத்திருக்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் என் எதிரே உட்கார்ந்திருந்தார். குழந்தை மேசையில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பை எட்டிப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. ஒரு வாரமாகக் குமட்டல் என்று வந்திருந்தார். பரிசோதனை அட்டையில் விழுந்த இரண்டு கோடுகளைக் காட்டியதும் அவர் கேட்டது இதுதான்: "பிரசவத்துக்கு அப்புறம் எனக்கு இன்னும் மாதவிலக்கே வரலையே டாக்டர், எப்படி?"

இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். அதனால்தான் பிரசவத்துக்குப் பிறகான கருத்தடை பற்றி இன்று பேச வந்தேன்.

சினைமுட்டை முதலில் வெளிவருகிறது. அது கருவாகாமல் போனால்தான், ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து மாதவிலக்கு வரும். பிரசவத்துக்குப் பிறகு வரும் முதல் முட்டையே கருவாகிவிட்டால், இடையில் மாதவிலக்கைப் பார்க்கவே மாட்டீர்கள். தாய்ப்பால் கொடுக்காதவர்களுக்கு அந்த முட்டை நான்காவது வாரத்திலேயே வரலாம். விந்தணுவும் உடலுக்குள் சில நாள் உயிரோடு இருக்கும். அதனால் பிரசவமான 21ஆம் நாளிலிருந்தே பாதுகாப்பு வேண்டும் என்கிறோம். ஆறாவது வாரப் பரிசோதனையில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், சிலருக்கு அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

சரி, பால் கொடுத்தால் கரு தங்காது என்கிறார்களே? உண்மைதான், ஆனால் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேலும் இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக் கூடாது. இப்படி இருந்தால் 100 பேரில் 98 பேருக்குக் கரு தங்காது. ஒன்று தவறினாலும் அன்றைக்கே வேறு வழி தேட வேண்டும். அந்தத் தாயின் குழந்தை இரண்டு மாதமாக இணை உணவு சாப்பிடுகிறது, இரவு முழுக்கத் தூங்குகிறது. அவருக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி வேண்டுமென்றால், நஞ்சுக்கொடி வெளிவந்த பத்து நிமிடத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குள் வைத்துவிடலாம்; சிசேரியனிலும் வைக்கலாம். சிலருக்கு அது நழுவி வெளியே வந்துவிடும் என்பதால் பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். அந்த 48 மணி நேரம் தாண்டினால் நான்கு வாரம் பொறுக்க வேண்டும். வலி எடுத்த பிறகு இதைப் பேச முடியுமா? ஏழாவது, எட்டாவது மாதத்திலேயே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி, மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

கருத்தடை மாத்திரையில் இரண்டு வகை உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்ததை முதல் மூன்று வாரம் யாரும் எடுக்கக் கூடாது. பிரசவத்தை ஒட்டி ரத்தம் எளிதில் உறையும். பால் கொடுப்பவர்கள் ஆறு மாதம் வரை அதைத் தவிர்ப்பது நல்லது. புரோஜெஸ்டோஜன் ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரையை அவர்கள் முன்பே தொடங்கலாம். கருத்தடை ஊசிக்குப் பால் கொடுப்பவர்கள் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். ஆணுறைக்குக் காத்திருப்பு எதுவும் இல்லை.

இனிக் குழந்தையே வேண்டாம் என்பவர்கள் கணவருக்குச் செய்யும் கருத்தடை அறுவையையும் யோசியுங்கள். பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது அது. ஆனால் முழுப் பலன் தர மூன்று மாதம் ஆகும், அதுவரை ஆணுறை வேண்டும். அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு, பிரசவத்திலிருந்து அடுத்த கருத்தரிப்புக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிரசவமாகி மூன்று வாரம் தாண்டிவிட்டது, பாதுகாப்பில்லாமல் சேர்ந்தும் இருந்துவிட்டோம் என்று யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், பயப்பட வேண்டாம். ஐந்து நாளுக்குள் என்றால் அவசர மாத்திரைக்கு நேரம் இருக்கிறது, இன்றே மருத்துவரைப் பாருங்கள். அதைத் தாண்டியிருந்தால், கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை ஆணுறை.

வணக்கம்.