கேமரா அரைக்கிலோ, பை மூணு கிலோ

நேயர்களுக்கு வணக்கம்.

போன தை மாதம், கோடியக்கரைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே எங்கள் தெரு மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் பார்த்தார். "என்ன தம்பி, உள்ளே அம்மிக்கல்லா?" என்று கேட்டவர், பையை வாங்கித் தராசிலேயே வைத்துவிட்டார். 3 கிலோ 150 கிராம். கேமராவை மட்டும் வெளியே எடுத்து வைத்தோம். லென்ஸோடு சேர்த்து 480 கிராம். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும்தான்.

கும்பகோணத்தில் பல வருஷம் கல்யாணப் படம் எடுத்துத் தோள்பட்டை போனவன் நான். பெரிய கேமராவை விட்டுவிட்டு மிரர்லெஸ் வாங்கியதே அந்த வலியால்தான். உள்ளே இருந்த கண்ணாடியையும் அதற்கான இடத்தையும் எடுத்துவிட்டதால் கேமராவின் உடம்பு மெலிந்தது. ஆனால் அது மிச்சம் பிடித்துக் கொடுத்த எடையை முழுக்க நானே துணைக்கருவியாக வாங்கிப் பைக்குள் அடைத்திருக்கிறேன்.

அந்த 3 கிலோவில் பெரிய பங்கு ட்ரைபாடுக்கு, அதாவது கேமராவை நிறுத்தும் மூன்று கால் தாங்கிக்கு. தஞ்சாவூர் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். ட்ரைபாட் நிறுத்த வேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும். சந்நிதிக்குள் கேமராவே கூடாது. ஆக, என் ட்ரைபாட் ஊர் ஊராகப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்ததே தவிர, கால் விரித்து நின்றதில்லை.

அதற்குப் பதிலாக இப்போது என்னிடம் இருப்பது ஒரு துணிப்பை. பழைய ஜீன்ஸ் காலை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மறு முனையில் ஜிப் வைத்துத் தரச் சொன்னேன். தையல்காரர், "தலையணையா சார்?" என்றார். ஏறக்குறைய அதேதான், கேமராவுக்கு. வெறும் பையாக மடித்தால் சட்டைப் பையில் அடங்கிவிடும். போகிற ஊரில் இறங்கியதும் அரைக்கிலோ தானியம் வாங்கி நிரப்பிக்கொள்ள வேண்டியது. எடையை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம் பாருங்கள்.

எந்தத் தானியம் என்பதில்தான் விஷயம். முதலில் நம் ஊர் வழக்கப்படி நெல்லைப் போட்டேன். நெல் முனை துணியைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது, போதாததற்கு உமித்தூசி. அரிசி போட்டேன், மாவு கசிந்தது. மூன்றாவதாகத் தோல் நீக்காத முழு உளுந்து. அதுதான் சரி. உருண்டை, வழுவழுப்பு, தூசி கிடையாது. கேமராவை வைத்து லேசாக அழுத்தினால் உளுந்து நகர்ந்து இடம் கொடுக்கும், கையை எடுத்தால் அப்படியே நிற்கும். டெல்டாவில் உளுந்துக்கா பஞ்சம்? சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்பே நின்ற பயிருக்குள் உளுந்தை விதைத்துவிடுகிற பூமி இது. படம் எடுத்து முடித்ததும் அந்த உளுந்து வீணாகிறதா என்றால், என் வீட்டில் இரண்டு தடவை இட்லியாகியிருக்கிறது.

தாராசுரத்தில் தேர் மாதிரி சக்கரமும் குதிரையும் செதுக்கிய முன்மண்டபம் இருக்கிறதே, அதன் உள்பக்கம் சாயங்காலம் சீக்கிரமே இருண்டுவிடும். அங்கே தரையில் உளுந்துப் பையைப் போட்டு, கேமராவை அதில் பதித்து, 2 வினாடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். ஷட்டர் அரை வினாடி திறந்திருந்தாலும் தூண் சிற்பத்தின் விரல் நகம்வரை துல்லியமாக விழுகிறது. ஒன்றே ஒன்று, பையைத் தரையில்தான் வைக்க வேண்டும். சிற்பத்தின் மேல் வைக்காதீர்கள். எண்ணூறு வருஷக் கல், நம் வசதிக்காக நிற்கவில்லை. கோடியக்கரையில் இதே பை கார் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் படகில் மட்டும், இன்ஜின் ஓடும்போது படகின் மரத்தில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அதிர்வு குறையும்.

வாங்கியே ஆக வேண்டிய பொருள் என்று நான் சொல்வது போலரைசர் ஃபில்டர், லென்ஸ் முகப்பில் மாட்டிப் பளபளப்பை வடிகட்டுகிற கண்ணாடி. ஐப்பசியில் திருவாரூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் நடவு வயலெல்லாம் தகரம் வேய்ந்த மாதிரி வெள்ளையாகப் பளபளக்கும். கண்ணுக்கு அழகு, படத்தில் வெறும் வெளிறல். போலரைசரை மாட்டி, வளையத்தை மெதுவாகத் திருப்பினால் அந்தப் பளபளப்பு கழன்று, கீழே சேறும் நாற்றின் வேரடியும் தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டே திருப்பலாம் என்பது மிரர்லெஸ்ஸின் சௌகரியம். நீர்மட்டத்திலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் இது முழுசாக வேலை செய்யும். வரப்பில் நின்று ஏழெட்டு அடி தள்ளித் தண்ணீரைப் பார்க்கிற கோணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகிவிடும்), அதனால் கோயிலுக்குள் போகும்போது கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக வாங்காமல் பெரிய வாய் உள்ள லென்ஸுக்கு ஒன்றை வாங்கி, மற்றதற்கு அந்தப் பெரிய ஃபில்டரைப் பொருத்த உதவும் ஸ்டெப்-அப் வளையம் போட்டால் காசும் மிச்சம், எடையும் மிச்சம்.

மெமரி கார்டு பெரிதாக ஒன்று வாங்குவதைவிட நடுத்தரமாக இரண்டு. ஸ்ட்ராப் மணிக்கட்டில் மாட்டுகிற ரகம். டவுன் பஸ் நெரிசலில் கழுத்து ஸ்ட்ராப் அடுத்தவர் டிபன் கேரியரில் மாட்டிக்கொள்ளும்.

பேட்டரி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிரர்லெஸ்ஸில் திரையும், படத்தைப் பதிக்கும் சென்சாரும் எந்நேரமும் விழித்திருப்பதால் சின்ன கேமராக்கள் ஒரு சார்ஜில் 300, 400 படம்தான் தாங்கும். உபரியாக இரண்டு வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பேர் தெரியாத ஒன்றை வாங்கினேன். அது வெயிலில் வீங்கி, கேமராவுக்குள்ளேயே இறுகிக்கொண்டது. எதிரே பூநாரைக் கூட்டம், நான் கீழே குனிந்து நகத்தால் நோண்டிக்கொண்டிருக்கிறேன். கேமரா தயாரிப்பாளரின் பேட்டரியையே வாங்குங்கள். யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறும் கேமரா என்றால் தனிச் சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிடலாம், போனுக்கு வைத்திருக்கும் பவர் பேங்கே போதும். திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள் உபரி பேட்டரியையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

தூசியை ஊதித் தள்ளும் ரப்பர் ப்ளோயர் ஒன்று, எலுமிச்சம்பழ அளவில் இருந்தால் போதும். கண்ணாடி இல்லாததால் பல மாடல்களில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் திறந்துகிடக்கும். அறுப்பு மெஷின் ஓடுகிற வயலில் நின்று ஒருமுறை லென்ஸ் மாற்றினேன். அன்றைக்கு எடுத்த ஒவ்வொரு வானத்திலும் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் தூசியைவிட மோசம்.

கடைசியாக, பத்து ரூபாய்ச் சமாச்சாரம், ஒரு ஜிப் கவர். ஏ.சி. அறையில் ராத்திரி கிடந்த கேமராவை விடியற்காலை ஆற்றங்கரைக்கு எடுத்துப்போனால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். துடைத்தாலும் மறுபடி வியர்க்கும். சூரியன் அதற்குள் தென்னந்தோப்புக்கு மேலே போய்விடும். அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே ஜிப் கவருக்குள் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, அரைமணி நேரம் வெளிச் சூட்டுக்குப் பழகவிட்டு அப்புறம் திறங்கள். வியர்வை கவருக்கு வெளியே நின்றுவிடும்.

அதே கவர் வேதாரண்யம் உப்பளப் பக்கமும், தரங்கம்பாடிக் கடற்கரையிலும் உப்புக் காற்றுக்கு ஆகும். ஊர் திரும்பியதும் கேமராவை ஈரம் பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்து, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வைத்துவிடுங்கள். நம் ஊர் அடைமழைக் காலத்தில் தோல் பைக்குள் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். அரிசி டப்பாவுக்குள் கேமராவைப் புதைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டாம். நிறம் மாறின சிலிகா ஜெல்லை வறுத்துத் திரும்பவும் பயன்படுத்தலாம், ஆனால் சமையல் வாணலியில் அல்ல, அதற்கென்று ஒரு பழைய தகரம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அதே தராசில் மறுபடி வைத்துப் பார்த்தேன். 890 கிராம். "உளுந்து தனிக் கணக்கு தம்பி" என்றார் அண்ணன், அரைக்கிலோவை நிறுத்துக்கொண்டே.

நன்றி, வணக்கம்.