பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் ஐரோப்பாவில் வைத்தியம் இலவசமா?

வணக்கம், புதுச்சேரியிலிருந்து பேசுகிறேன். "பிரெஞ்சு பாஸ்போர்ட் கையில் இருக்கு, எனக்கு எதுக்குத் தம்பி டிராவல் இன்சூரன்ஸ்?" என்று கேட்பவரா நீங்கள்? இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

முதலில் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஷெங்கன் சுற்றுலா விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 30 லட்சம். 29 ஷெங்கன் நாடுகளிலும் அது செல்ல வேண்டும். லண்டனும் போகிறீர்களா? பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, பாலிசியில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். சரி, விசா கதை அவ்வளவுதான்.

[திரையில்: நீல நிற அட்டையின் படம்]

இப்போது நம்ம ஊர் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) குடும்பங்களுக்கு வருவோம். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இவர்களுக்கு விசா வேண்டாம். அதனால் காப்பீடு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. சிக்கலே அங்கேதான்!

ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டை என்று ஒன்று உண்டு. பாரிஸில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் ஸ்பெயினுக்குச் சுற்றுலா போன இடத்தில் காலை முறித்துக்கொண்டால், அங்கே அரசு மருத்துவமனையில் இந்த அட்டையைக் காட்டலாம். உள்ளூர்க்காரர் என்ன கட்டுவாரோ அதையே அவரும் கட்டினால் போதும். அட்டை வாங்கக் காசு கிடையாது. என்ன அருமையான ஏற்பாடு!

ஆனால் அதைத் தருகிறவர்கள் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை. அட்டை தரும் நாட்டின் அரசுக் காப்பீட்டில் நீங்கள் பதிவாகியிருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். பிரான்ஸில் வேலை செய்து பதிவான இந்தியக் குடிமகனுக்கு அட்டை கிடைக்கும். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்து, பிரான்ஸில் பதிவே இல்லாத பிரெஞ்சுக் குடிமகனுக்குக் கிடைக்காது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

அட்டை இருந்தாலும் தனியார் மருத்துவமனைச் செலவும், நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் வராது. ஆகவே யாராக இருந்தாலும் பாலிசி எடுங்கள்.

அப்புறம் அப்பா அம்மாவின் சர்க்கரை, பிபி. ஏற்கெனவே இருக்கும் நோய் என்றால், பல பாலிசிகள் உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டுமே பணம் தரும், சில தரவே தராது. விண்ணப்பத்தில் அதை மறைக்காதீர்கள், க்ளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

அவசரம் என்றால் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112. அடுத்த அழைப்பு பாலிசியில் இருக்கும் உதவி எண்ணுக்கு. கூட வருகிற எல்லோருக்கும் அந்த எண்ணை இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய் பற்றி உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது? அந்த வரியை மட்டும் கமெண்ட்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் சேர்ந்து படிப்போம்.