தாயைப் பார்த்துவிட்டுக் குட்டியைத் தூக்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். "தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை" என்று ஒரு பழமொழி உண்டு. பெண் பார்க்கும் காலத்துப் பேச்சு. இன்றைக்குச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் நாய்க்குட்டி வாங்கப் புறப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. தாய் நாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள். இந்த ஒரு விதியே மோசமான விற்பனையாளர்களில் பெரும்பாலோரைக் கழித்துவிடும்.

அடுக்குமாடி வீடுகளில் இப்போது எல்லோரும் கேட்பது சின்னதாக, பஞ்சு போல, கலப்பாக ஒரு குட்டி. மால்டீசும் பூடுலும் சேர்ந்த மால்டிபூ, ஷிட்சூவும் லாசாவும் கலந்தது, ஷிட்சூவும் பொமரேனியனும் கலந்தது என்று. கலப்பு நாய் வளர்ப்பதில் தவறே இல்லை. ஆனால் விற்கும்போது சொல்லப்படும் இரண்டு பொய்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பொய், "கேசிஐ பேப்பர் இருக்கு" என்பது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தூய இன நாய்களைத்தான் பதிவு செய்கிறது. இரண்டு இனம் கலந்த குட்டிக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது வேறொரு நாயின் காகிதம், அல்லது போலியாக அச்சடித்த காகிதம். மேற்கொண்டு பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

இரண்டாவது, "கிராஸ்னா நோயே வராது சார்" என்பது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் எடுபடுகிறது. ஓர் இனத்தில் மட்டும் இருக்கும் மரபுக் கோளாறு, கலப்பில் அடங்கிப் போக வாய்ப்பு உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் அதே கோளாறு இருந்தால் கலப்பு என்ன செய்யும்? முழங்கால் சில்லு இடம் விட்டு நழுவுவது மால்டீசுக்கும் உண்டு, பூடுலுக்கும் உண்டு, பொமரேனியனுக்கும் உண்டு. பூடுலும் காக்கர் ஸ்பேனியலும் விழித்திரை மெல்லத் தேய்ந்து பார்வை போகும் அதே மரபணுக் குறையைச் சுமக்கக்கூடியவை. பிறவிச் சிறுநீரகக் கோளாறு ஷிட்சூ, லாசா இரண்டிலும் உண்டு. ஆகவே பிரீடரிடம், அதாவது நாய்களை இணை சேர்த்துக் குட்டி விற்பவரிடம், கேட்க வேண்டிய கேள்வி: "தாய்க்கும் தகப்பனுக்கும் முழங்கால், இதயம், கண் பார்த்தீர்களா? கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தது இருக்கிறதா?" முழங்கால் சில்லை மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்தே 1 முதல் 4 வரை நிலை சொல்லிவிடுவார், சில நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாதவர் வேறெதையும் செய்திருக்க மாட்டார். மரபணுச் சோதனையும் செய்திருந்தால் அவர் உண்மையிலேயே அக்கறை உள்ளவர்.

பொமரேனியன் பற்றி ஒரு இடைச்செருகல். நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்படுபவற்றில் பல, இந்தியன் ஸ்பிட்ஸ். நல்ல நாய்தான். ஆனால் அசல் பொமரேனியன் 3 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். ஸ்பிட்ஸ் 5 கிலோவைத் தாண்டும். "வளர்ந்தாலும் கையடக்கம்தான்" என்று நம்பி வாங்கியவர் பிறகு ஏமாறுவது இதனால். தாயின் எடையைக் கேளுங்கள், முடிந்தால் அங்கேயே தராசில் நிறுத்தச் சொல்லுங்கள். "டீக்கப்" என்ற வார்த்தை கேட்டால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அப்படி ஓர் இனமே கிடையாது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றில் மெலிந்து போன குட்டிக்கோ, வயதை மறைத்து விற்கும் குட்டிக்கோ வைக்கும் பெயர் அது.

வயது என்றதும் சட்டத்துக்கு வருவோம். நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த மத்திய அரசின் விதிகள் 2017-இல் வந்தன. பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டி வைத்திருக்க வேண்டும். பெண் நாய்க்கு 18 மாதம் நிறையாமல் இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இப்போது விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள்: "45 நாள் குட்டி ரெடி" என்றிருக்கும். 8 வாரம் என்றால் 56 நாள். விளம்பரமே விதிமீறலை ஒப்புக்கொள்கிறது!

அந்தப் பதினொரு நாளில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அது கற்காமல் வந்த குட்டி உங்கள் பிள்ளைகளின் விரலில் கற்கும். மிகச் சிறிய இனக் கலப்பானால் 10 வாரம் வரை தாயிடம் விடுவது இன்னும் நல்லது. சொன்ன வயது சரிதானா என்று வாயைத் திறந்து பாருங்கள். 8 வாரக் குட்டிக்கு 28 பால்பல்லும் ஏறக்குறைய வந்திருக்கும். கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறாக இருந்தால் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள்.

நேரில் போகும்போது அறிவித்துவிட்டுப் போங்கள். ஆனால் குட்டிகள் வளரும் இடத்தையே காட்டச் சொல்லுங்கள். வரவேற்பறையில் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சோபாவில் உட்கார்த்தி வைத்த குட்டி எதையும் சொல்லாது. மூத்திர நெடி கண்ணை எரிக்கிறதா, கம்பி வலைத் தரையில் நிற்கின்றனவா, தண்ணீர்க் கிண்ணம் பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை இனம் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஓரிரண்டு இனம் என்றால் ஒவ்வொரு நாயையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பத்து இனம் என்றால் அது கடை.

தாய் நாயைக் காட்டச் சொன்னால் "ஊருக்குப் போயிருக்கு", "கடிக்கும், உள்ளே கட்டியிருக்கு" என்பார்கள். சில இடங்களில் வேறொரு நாயைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கண்டுபிடிப்பது கடினமில்லை. பால் கொடுத்த நாயின் காம்புகள் நீண்டு தொங்கும். அடிவயிற்று முடி உதிர்ந்திருக்கும். உடம்பு சற்று இளைத்திருக்கும். குட்டியை விட்டால் நேரே மடிக்கு ஓடும். வந்த நாய் குட்டியை முகர்ந்துகூடப் பார்க்காமல் விலகினால் சந்தேகப்படுங்கள். தாயின் சுபாவத்தையும் கவனியுங்கள். அந்நியரைக் கண்டு நடுங்கி மூலையில் ஒண்டும் தாயிடமிருந்து குட்டிக்குப் போவது பயம். தகப்பன் நாய் வேறொருவர் வீட்டில் இருப்பது சகஜம். அதில் குறையில்லை, யாருடையது என்று சொன்னால் போதும். ஆனால் ஆண் நாய் தாயைவிடப் பெரிய இனமா என்று கேளுங்கள். சின்னத் தாய்க்குப் பெரிய ஆணைச் சேர்த்தால் குட்டி வெளியே வராமல் அறுவை சிகிச்சையில் முடியலாம். காசுக்காக அப்படிச் செய்பவர் மற்றதிலும் அப்படியே இருப்பார்.

குட்டியைக் கையில் எடுத்ததும் பல் ஈறை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விலா எலும்பு தெரிய, வயிறு மட்டும் பானையாக இருந்தால் குடற்புழு. தொப்புளில் மொட்டுப் போல் புடைத்தால் குடலிறக்கம். சிறியதானால் பிறகு தைக்கலாம். வாலுக்கடியில் ஈரமோ கறையோ இருந்தால் வயிற்றுப்போக்கு. காது மடலைத் திருப்பி, கால் விரலிடுக்கில் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் வெயிலில் ஆண்டு முழுக்க உண்டு.

தடுப்பூசி அட்டைதான் அதிகம் ஏமாற்றப்படும் இடம். உண்மையான அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், தேதி இருக்கும், கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கும். பேனாவில் டிக் மட்டும் போட்டிருந்தால் ஊசி போடவில்லை என்றே கொள்ளுங்கள். "எல்லா ஊசியும் முடிஞ்சிடுச்சு" என்றால் அதுவும் பொய். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்துக்குள். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் முடக்கிவிடும். எந்த வாரம் அது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெறிநாய்க்கடி ஊசிக்கு மூன்று மாதம் ஆக வேண்டும். பூச்சி மருந்து இரண்டாவது வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

"சமீபத்தில் இங்கே பார்வோ வந்ததா?" என்று நேருக்கு நேர் கேளுங்கள். பார்வோ என்பது குட்டிகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து உயிரையே பறிக்கும் தொற்றுநோய். அதன் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்கு அசையாது, ப்ளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். தொற்றிய குட்டி பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் சுருண்டு படுக்கும். அதாவது துள்ளிக்கொண்டே உங்கள் வீட்டுக்கு வந்து, ஐந்தாம் நாள் வாந்தியெடுக்கும். விற்றவர் "என்கிட்ட நல்லாத்தானே இருந்தது" என்பார். எனவே பணம் கொடுக்குமுன் எழுதி வாங்குங்கள்: 72 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவர் பார்ப்பார், நோயோ பிறவிக் குறையோ இருந்தால் விற்றவர் என்ன செய்வார், பின்னாளில் வளர்க்க முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வாரா. நல்ல பிரீடர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். மாறாக, அவரே உங்களை விசாரிப்பார்: பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், வீட்டு உரிமையாளர் சம்மதித்தாரா என்று. முன்பணம் போட்டால் பார்சலில் அனுப்புகிறேன், பேருந்து நிலையத்தில் கூடையோடு வந்து தருகிறேன் என்பவரிடம் ஒரு ரூபாய் போடாதீர்கள்.

எடுத்து வரும் நாளில் பிரீடர் போடும் அதே தீனி பத்து நாளுக்கு வாங்கி வாருங்கள். புதிய தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம். ஒன்றரைக் கிலோகூட இல்லாத குட்டிக்கு ஒரு வேளை தவறினாலே ரத்தச் சர்க்கரை இறங்கும். பகலில் நான்கு முறை உணவு, இரவு படுக்கும் முன் ஒரு முறை. தள்ளாடினாலோ, கூப்பிட்டும் எழாமல் கிடந்தாலோ பல் ஈறில் சிறிது தேன் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். ஊசிகள் முடியும்வரை தெருவில், பூங்காவில் இறக்காதீர்கள். தூக்கிக்கொண்டு போய் வேடிக்கை காட்டலாம். முதல் முறை மருத்துவரிடம் போகும்போது அன்று காலை போட்ட மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள், அட்டையையும் மறக்காமல்.