த ஸ்மித்ஸா, த ஸ்மித்'ஸா? ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் பன்மை

[திரையில்: ஒரு வாழ்த்து அட்டை. அடியில் "அன்புடன், த ஸ்மித்'ஸ்"]

இந்த அட்டையில் ஒரு தப்பு இருக்கிறது. பெயருக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் தொங்குகிற அந்தச் சின்னக் குறிதான், அபாஸ்ட்ரபி. அது வந்துவிட்டால் ‘ஸ்மித்துடைய’ என்று அர்த்தம். ஸ்மித்துடைய எது? அட்டையில் பதில் இல்லை. ஸ்மித் குடும்பத்தார் எல்லோரையும் சொல்ல வெறும் எஸ் போதும்: த ஸ்மித்ஸ். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்கள்கூட வாசல் பலகையில் இதைத் தப்பாக எழுதி மாட்டியிருப்பார்கள்.

சரி, பெயரே எஸ்ஸில் முடிந்தால்?

[திரையில்: ஜே, ஓ, என், ஈ, எஸ் என்று ஒவ்வொரு எழுத்தாக வருகிறது]

இது ஜோன்ஸ், ஒரே ஆள். பின்னால் ஈ, எஸ் இரண்டையும் சேருங்கள். வாய்விட்டுச் சொன்னால் ‘ஜோன்ஸஸ்’. பார்க்க எழுத்துப்பிழை மாதிரி இருந்தாலும் சரியானது இதுதான். அக்கம்பக்கத்தாரோடு போட்டி போட்டு வாழ்வதை ‘கீப்பிங் அப் வித் த ஜோன்ஸஸ்’ என்பார்களே, அதே ஜோன்ஸஸ்.

எக்ஸ், இசட், எஸ்எச், சிஎச் முடிவுகளுக்கும் இதே வைத்தியம்தான். அமெரிக்க அதிபர்களாக இருந்த அப்பா புஷ்ஷையும் மகன் புஷ்ஷையும் சேர்த்துச் சொன்னால் த புஷ்ஷஸ். சிஎச்சில் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். லின்ச், லின்ச்சஸ் ஆகும். இசைமேதை பாக்கின் பெயரும் எழுத்தில் சிஎச்சில்தான் முடிகிறது, ஆனால் ஒலி ‘க்’. அதனால் அங்கே வெறும் எஸ்.

இனிதான் பள்ளிக்கூட இலக்கணம் காலை வாரும் இடம்.

[திரையில்: பேபி, கென்னடி. இரண்டிலும் கடைசி ஒய் மின்னுகிறது]

பேபியில் ஒய்யை எடுத்துவிட்டு ஐ, ஈ, எஸ் போடுவோம். கென்னடியிடம் அந்த வேலை ஆகாது. ஒய் அப்படியே இருக்கும், எஸ் மட்டும் ஒட்டும். ஒய்யை மாற்றிவிட்டால், அசல் பெயர் ஒய்யில் முடிந்ததா, ஐ-ஈயில் முடிந்ததா என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஓநாய்கள் வுல்வ்ஸ், வுல்ஃப் குடும்பத்தார் வுல்ஃப்ஸ். மேன், மென் ஆகும். ஃப்ரீமேன் குடும்பத்தார் ஃப்ரீமேன்ஸ். பெயருக்குள் கை வைக்கக் கூடாது, ஒட்டுவதெல்லாம் வாலில்தான். டொராண்டோவின் ஐஸ் ஹாக்கி அணிக்கு 1927-இல் வைத்த பெயரும் மேப்பிள் லீஃப்ஸ், லீவ்ஸ் இல்லை.

அப்புறம், குடும்பத்துக்குச் சொந்தமான வீட்டைச் சொல்லவேண்டி வந்தால்? அபாஸ்ட்ரபிக்கு இப்போதுதான் வேலை. முதலில் பன்மையை முழுசாக எழுதுங்கள்: ஸ்மித்ஸ், ஜோன்ஸஸ். குறியைக் கடைசி எஸ்ஸுக்குப் பின்னால் வையுங்கள். எஸ்ஸுக்கு முன்னால் வைத்தால் வீடு ஒரே ஒரு ஸ்மித்துக்குப் போய்விடும்.

ஹேஸ்டிங்ஸ் மாதிரி பெயர்கள்தான் தொல்லை. ‘ஹேஸ்டிங்ஸஸ்’ விதிப்படி சரி, ஆனால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அங்கே நானாக இருந்தால் ‘த ஹேஸ்டிங்ஸ் ஃபேமிலி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன்.