அந்த அடிமையின் உடம்பும் ஆலயம்தான்

நடுவர் அவர்களே, சபையார் அனைவருக்கும் என் ஸ்தோத்திரம்.

எருசலேம் ஆலயம் அடையாளமாக நிற்பது யாருக்கு, தனி விசுவாசிக்கா, கூடிவந்த சபைக்கா? இதுதான் தலைப்பு. தனி விசுவாசிக்கே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன், அப்போஸ்தலர் பவுல் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். 'நீங்கள் தேவனுடைய ஆலயம்' என்பதில் வரும் 'நீங்கள்' கிரேக்கத்தில் பன்மை. தமிழில் மரியாதைக்கு ஒருவரையும் 'நீங்கள்' என்போம், அதனால் அது நம் கண்ணில் படுவதில்லை என்றார். உண்மைதான், அங்கே பவுல் சபையைத்தான் சொல்கிறார். ஆனால் அண்ணன் இன்னும் மூன்று அதிகாரம் தள்ளி வாசித்திருக்க வேண்டும். ஆறாம் அதிகாரத்தில் பேச்சு வேசித்தனத்தைப் பற்றியது. அந்தப் பாவத்துக்கு யாரும் சபையாகச் சேர்ந்து போவதில்லை. தனியாகப் போகிறவனை மனதில் வைத்துத்தான் உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று தெரியாதா என்று கேட்கிறார்.

அவர் எடுத்த சொல்லையும் பாருங்கள். பிராகாரங்களோடு சேர்ந்த முழு வளாகத்துக்குக் கிரேக்கத்தில் 'ஹியரோன்' என்று பெயர். உள்ளே இருக்கும் ஆலய வீட்டை 'நாவோஸ்' என்பார்கள். பவுல் எழுதியது 'நாவோஸ்'. அதற்குள் ஆசாரியர்கள் மட்டுமே போகலாம். அதிலும் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியர் ஒருவர்தான், அதுவும் வருஷத்தில் பாவநிவிர்த்தி நாளில் மட்டும்.

கொரிந்து சபையில் பெரும்பாலானவர்கள் புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள். அவர்கள் எருசலேமுக்குப் போயிருந்தால் எதுவரை விட்டிருப்பார்கள்? வெளிப் பிராகாரம் வரைக்கும்தான். அதற்கப்புறம் மூன்று முழ உயரத்தில் ஒரு கல் தடுப்பு. தாண்டி வரும் அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று எழுதிய கல்வெட்டுகள் அதில் இருந்தன. 1871இல் அவற்றில் ஒன்று கிடைத்தது. இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிருபம் எழுதிச் சில ஆண்டுகளில், புறஜாதியானான எபேசு ஊர் துரோப்பீமுவை உள்ளே அழைத்துவந்தான் என்ற சந்தேகத்திலேயே பவுலைக் கொல்லப் பார்த்தார்கள். தடுப்பைத் தாண்டினாலே சாவு என்றிருந்த ஒருவனிடம், அந்த உள்வீடே நீதான் என்று சொல்லியிருக்கிறார்! இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இடிந்த ஆலயத்துக்கு ஆறுதலாகச் சொன்னதும் இல்லை இது. ரோமர் ஆலயத்தை எரித்தது கி.பி. 70இல். பவுல் எழுதியது அதற்கு ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு முன், பலிபீடத்தில் தினமும் புகை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில். அந்த ஆலயத்தை அவர் அவமதிக்கவும் இல்லை. தாமே அங்கே போய்ச் சுத்திகரிப்புச் செய்துகொண்டவர். யூதர்கள் அந்த இழப்புக்காக இன்றும் ஆப் மாதம் ஒன்பதாம் நாளில் உபவாசமிருந்து துக்கிக்கிறார்கள். அவர்களுக்கு அது வெறும் அடையாளம் அல்ல என்பதை நாமும் மறக்கக்கூடாது.

சரி, ஒரு கல் ஆலயமாகுமா என்று எதிரணி கேட்டது. விசுவாசிகள் ஒரே வீடாகச் சேர்த்துக் கட்டப்படும் ஜீவனுள்ள கற்கள் என்று பேதுரு சொன்னதையும் காட்டியது. சாலொமோன் கட்டியபோது என்ன நடந்தது? கற்களைப் பணிதீர்த்தே கொண்டுவந்தார்கள். கட்டுகிற இடத்தில் சுத்தியல் சத்தமே கேட்கவில்லை. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக உளிபட்டுத்தான் சுவருக்கு வந்தது.

எங்கள் அணியிலேயே சிலர் பிராகாரம் சரீரம், பரிசுத்த ஸ்தலம் ஆத்துமா, மகா பரிசுத்த ஸ்தலம் ஆவி என்று பிரித்துச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். பவுல் அப்படிப் பிரிக்கவில்லை, நானும் அதைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. அவர் சொன்னது சரீரம். பசிக்கிற, வலிக்கிற இந்த உடம்பு.

அந்தச் சபையில் அடிமைகளும் இருந்தார்கள். ஏழாம் அதிகாரத்தில் அவர்களை 'நீ' என்று ஒருமையில் கூப்பிட்டே பேசுகிறார். ரோமச் சட்டப்படி அடிமையின் உடம்பு எஜமானின் சொத்து. கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள் என்ற சொல், சந்தையில் விலைபோன அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்! உன்னை வாங்கியவர் வேறொருவர், உன் உடம்பில் குடியிருப்பவர் அவருடைய ஆவியானவர் என்கிறார் பவுல். சபைதான் ஆலயம், தனி ஆள் இல்லை என்றால், கூட்டம் முடிந்து இருட்டில் எஜமான் வீட்டுக்குத் தனியாக நடந்து போன அந்த மனிதன் ஆலயத்தை வாசலிலேயே விட்டுவிட்டா போனான்?

நடுவர் அவர்களே, அவனை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.