ஆச்சியின் பாம்படத்தைக் காணோம்!

வணக்கம் மக்களே. இன்றைக்கு நேராக விஷயத்துக்கு வருகிறேன், சனிக்கிழமையிலிருந்து எனக்குக் கோபம் ஆறவே இல்லை. போன வீடியோவில் காட்டினேனே, கண்ணாடியோடு ஒட்டிப்போன ஆச்சி படம்? அதைச் சரிசெய்யக் கொடுத்த இடத்தில் ஆச்சியின் பாம்படத்தையே, அதாவது அந்தக் காலத்துப் பெண்கள் காதில் தொங்கவிட்ட கனமான நகையையே, படத்திலிருந்து அழித்துவிட்டார்கள்! பாம்படம் மட்டும் இல்லை, காதும் போச்சு. தோள் வரைக்கும் தொங்குகிற வளர்த்த காது இருந்த இடத்தில் என் காது மாதிரி சின்னதாக ஒரு காது.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஏட்டி, எங்கம்மா காது எங்க?” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆச்சியும் தாத்தாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பை தாராவிக்கு வந்தவர்கள், தாத்தாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் எடுத்த படம் இது ஒன்றுதான். 2005 ஜூலை 26 மழை ஞாபகம் இருக்கும், சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது, மித்தி ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. தாராவி வீட்டில் கட்டிலுக்குக் கீழே டிரங்குப் பெட்டியில் இந்தப் படம் இருந்தது. தண்ணீர் வடிந்து, எல்லாம் காய்ந்த பிறகு பார்த்தால் படமும் கண்ணாடியும் ஒன்றாகிவிட்டன.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் மேல் பூச்சு ஜெலட்டின். மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது, அதற்குள்தான் வெள்ளித் துகளாகப் படமே இருக்கிறது. ஈரம் பட்டால் உப்பும், காயும்போது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். தயவுசெய்து இழுத்துப் பிரிக்காதீர்கள், தாள் கையில் வரும், முகம் கண்ணாடியில் நிற்கும். தண்ணீரில் ஊறவைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பூஞ்சை பிடித்த படம் என்றால் கூடவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரிலேயே கரைந்துவிடும். இதில் ஓரம் முழுக்கப் பூஞ்சை.

சரி, கடைக்கு வருகிறேன். செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் பிடித்து வி.டி. ஸ்டேஷன் போய், போரா பஜார் பக்கமெல்லாம் அலைந்து, ஒருவரைக் கண்டுபிடித்தேன். 3,500 ரூபாய் கேட்டார். கையால் புள்ளி புள்ளியாக வேலை பார்ப்போம் என்றார், அதை நம்பி 1,000 அட்வான்ஸ் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால் இந்தப் படம். கையால் செய்ததா என்று கேட்டேன். போனை எடுத்து, ஒரு ஆப்பில் படத்தைப் போட்டு, என் கண் முன்னாலேயே ஒரு நிமிடத்தில் இன்னொரு ஆச்சியை எடுத்துக்காட்டினார்! “முகம் எவ்வளவு க்ளீன் பாருங்கள்” என்று பெருமை வேறு. நாற்பது நிமிடம் நின்று பேசி 700 ரூபாயைத் திரும்ப வாங்கினேன், பிரிண்ட் செலவு என்று 300 பிடித்துக்கொண்டார். எந்த பிரிண்ட்? காது இல்லாத பிரிண்ட். அதற்கு எதற்கு நான் 300 ரூபாய் தரவேண்டும்? ரயிலில் வீடு வரும் வரைக்கும் அந்த 300 ரூபாய்தான் மனதில் ஓடியது, இப்போது சொல்லும்போதும் எரிகிறது.

இந்த மாதிரி ஆப் ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியது. தெளிவில்லாத இடத்தைக் கண்டால், அங்கே பெரும்பாலும் என்ன இருக்குமோ அதை வரைந்துவிடும். அது பழகிய முகங்களில் பாம்படம் போட்ட காது எத்தனை இருந்திருக்கும்? சின்ன வயதிலேயே காது குத்தி, பஞ்சு வைத்து, ஓலைச்சுருள் வைத்து, குணுக்கு என்ற கனமான வளையம் மாட்டி, மாதக்கணக்கில் வலி பொறுத்து வளர்த்த காது அது. அதைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது. அந்தப் பாம்படம் இப்போது எங்களிடம் இல்லை. தாராவியில் ரூம் வாங்கும்போது விற்றுவிட்டார்கள். இந்தப் படத்தில்தான் மிச்சம்.

அதனால் நானே உட்கார்ந்தேன். முதலில் என் சின்ன ஸ்கேனரில் கண்ணாடியோடு வைத்தேன், மங்கலாக வந்தது. ஒல்லியாக இருக்கும் ஸ்கேனர்களுக்குத் தட்டோடு ஒட்டியிருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும், நடுவில் 2 மில்லிமீட்டர் கண்ணாடி வந்தாலே போச்சு. கேமராவை எடுத்தேன். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் படிக்கிற விளக்கு, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்புத் துணி கேமராவுக்கு முன்னால், அப்போதுதான் கண்ணாடியில் கேமராவும் நம் முகமும் தெரியாது. படம் 8க்கு 6 அங்குலம், கேமரா 24 மெகாபிக்ஸல், அங்குலத்துக்கு 600 புள்ளிக்கு மேல் வந்துவிடுகிறது, போதும். ஐயோ, ஒன்று விட்டுவிட்டேன், ஃபேனை நிறுத்துங்கள்! முதல் இருபது படம் துணி ஆடி வீணாயிற்று. அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரிலேயே எடுங்கள், பழுப்புக் கறையைப் பிரித்துக் குறைக்க அது உதவும்.

இப்போது கவனியுங்கள், இதைச் சொல்லத்தான் வீடியோவே போடுகிறேன். ஆச்சியின் இடது காதுப் பக்கம் வெளிறிப்போய் இருந்தது இல்லையா, அங்கே படமே போய்விட்டது என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். தப்பு. போகவில்லை! கண்ணாடியில் ஒட்டிய இடம் ஈரத்துணி மாதிரிக் கறுப்பாகத் தெரிகிறது, ஒட்டாமல் காற்று நிற்கிற இடம் வெளிறித் தெரிகிறது, அவ்வளவுதான். படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில் அந்தத் திட்டை மட்டும் சுற்றி வளைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கர்வ்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தேன். ராத்திரி பதினொன்றரை மணி. முதலில் ஒரு கோடு. அப்புறம் ஒரு சதுரம், ஒரு உருண்டை. பாம்படம்! மக்களே, நான் கத்திய கத்தலில் அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

அதன் பிறகு மூன்று ராத்திரி ஒரே ஒரு விரிசலோடு போராடினேன். கண்ணாடி விரிசல் காதுக்குக் குறுக்கே போகிறது. பக்கத்து இடத்தோடு கலந்து ஒட்டுப்போடுகிற ஹீல் டூல் கன்னத்துக்குச் சரி, காது விளிம்பில் வைத்தால் பின்னால் இருக்கும் திரையையும் தோலையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறது, அங்கே ஒரு இடத்தை அப்படியே நகலெடுக்கிற க்ளோன்தான், அதுவும் மிகச் சின்ன பிரஷ், தனி லேயரில். வலது காதைத் திருப்பிப் போட்டுவிடேன், சீக்கிரம் முடியும் என்று தம்பி சொன்னான். அந்த ஸ்டுடியோவில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது, திருப்பிப் போட்டால் மினுக்கம் தப்பான பக்கம் விழும். அதுவும் இல்லாமல், அது இடது காது, வலது காது இல்லை. மாட்டேன் என்றேன்.

கலர் போடச் சொல்லியும் கேட்டிருக்கிறீர்கள். மாட்டேன். சேலை என்ன நிறம் என்று படத்தில் இல்லை, அம்மாவுக்கும் தெரியாது.

பிரிண்ட் வியாழக்கிழமை வருகிறது, மேட் பேப்பரில். ஃப்ரேம் போடுகிறவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடவேண்டும் என்று. அசல் படம் கண்ணாடியோடு அப்படியே, அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு மேல் அலமாரியில் இருக்கிறது. தாராவி மாமாவுக்கு ஒரு பிரிண்ட் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுபோகிறேன். மாமாவிடம் இன்னும் நான்கு படம் இருக்கிறதாம், நான் எப்போதும் திட்டித் தீர்க்கும், பக்கமெல்லாம் பசை தடவிய அந்த ஆல்பத்தில். தொடாமல் வைத்திருங்கள் மாமா, நான் வருகிறேன்.