பூஞ்சையைத் துடைக்கலாம் அண்ணே!

நடுவர் அவர்களுக்கும், இந்த மழையிலயும் குடையோட வந்திருக்கிற குன்னூர் மக்களுக்கும் வணக்கம். மேடையில இருக்கிற மத்த எல்லாருக்கும் சேர்த்து இன்னொரு வணக்கம். மணி அடிக்கிறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன்.

படமும் கேமும் வாங்கக் கடையா, ஆன்லைனா? நாங்க கடை. எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? "நீலகிரியில கடை வெச்சா சரக்குக்குப் பூஞ்சை பிடிக்கும். நான் டவுன்லோடு பண்ற கேமுக்குப் பூஞ்சை பிடிக்குமா?"ன்னாரு. நீங்களும் கைதட்டிட்டீங்க.

அண்ணே, பூஞ்சையைப் பத்திக் குன்னூர்க்காரங்களுக்கே பாடமா? டிஸ்க்குப் பக்கம் அது அவ்வளவா போகாது. அதுக்கு விருந்து வீடியோ கேசட்டுதான்.

கேசட்டு போட்டுப் பார்க்கிற டெக்கு மிஷினை வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் பார்த்த காலம். வீடியோ கடைக்கு ஒருத்தர் சண்டைக்கு வர்றாரு. "யோவ், படத்துல மழை பெய்யுது!" கடைக்காரர் நிதானமா, "அது மழை சீன் சார்." "கல்யாண மண்டபத்துக்குள்ளயும் பெய்யுதய்யா!"

கடைக்காரர் கேசட்டோட பக்கவாட்டுல இருக்கிற சின்னப் பட்டனை அமுக்கி, மூடியைத் தூக்கிப் பார்த்தாரு. டேப்பு ஓரத்துல சிலந்தி வலை மாதிரி வெள்ளைப் பூஞ்சை; அதுதான் படத்துல மழைக்கோடா தெரிஞ்சிருக்கு. "இதுக்கு முந்தி எந்தக் கேசட்டு போட்டீங்க?" "மச்சான் குடுத்தது." "அது எங்க கிடந்துச்சு?" "கட்டிலுக்கு அடியில." "அப்போ மழை படத்துல பெய்யல சார், உங்க மச்சான் கட்டிலுக்கு அடியில பெஞ்சிருக்கு!"

பின் வரிசையில கேட்கலையாம். திரும்பச் சொல்றேன்: மச்சான்... கட்டில்... மழை! போதுமா?

சிரிச்சது போதும், கடைக்காரர் கைவேலையைப் பாருங்க. பூஞ்சை ஈரமா இருக்கும்போது தொடமாட்டாரு, இழுவிரும். காயவெச்சு, அடியில இருக்கிற 5 ஸ்க்ரூவைக் கழட்டி, டேப்பை மெதுவா ஓடவிட்டுத் துடைப்பாரு. மச்சான் கேசட்டுப் பூஞ்சை, டெக்குக்குள்ள டேப்பைப் படிக்கிற ஹெட்டுல ஒட்டி, அங்கிருந்து அடுத்த கேசட்டுக்குத் தாவும். அதனால ஹெட்டையும் துடைக்கணும். தோல் ஒட்டின குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல நனைச்சு, அசையாமப் பிடிச்சுக்கிட்டு, ஹெட்டு பதிஞ்சிருக்கிற டிரம்மைத்தான் கையால சுத்தணும். குச்சியை மேலயும் கீழயும் தேய்ச்சா ஹெட்டு முனை ஒடஞ்சிரும். காது குடையுற பஞ்சுக் குச்சி ஆகவே ஆகாது, நூல் மாட்டிக்கும். அப்புறம் ஈரம் தங்காம இருக்க அலமாரி அடியில ஒரு 40 வாட் குண்டு பல்பு, மேல நிமிர்த்தி அடுக்கின கேசட்டு. இவ்வளவுதான் அண்ணே, உங்க பூஞ்சை.

உங்க ஆன்லைனுக்குப் பிடிக்கிற பூஞ்சையை எந்தக் குச்சியால துடைக்கிறது? நிண்டெண்டோ கம்பெனி தன்னோட 3டிஎஸ், வீ யூங்கிற கேம் மிஷின் ரெண்டுக்கும் ஆன்லைன் கடையில விற்பனையை 2023 மார்ச் 27ல நிறுத்திருச்சு. யூபிசாஃப்ட் கம்பெனி 'தி க்ரூ' கேமோட சர்வரை 2024 மார்ச் 31ல அணைச்சாங்க. அந்தக் கேமுக்குக் காசு குடுத்தவன் கையில வெறும் பேருதான். டிஸ்க்கு வாங்கினவனுக்கும் அதே கதிதான். அதை எதிரணி சொல்லட்டும், நான் ஏன் சொல்லணும்? 100 ஜிபி கேம், 10 எம்பிபிஎஸ் லைன்ல இறங்க 22 மணி நேரம் ஆகும். அதுக்குள்ள கட்டபெட்டுப் பக்கம் ஒரு மரம் கேபிள் மேல சாய்ஞ்சா? சரி, அதை விடுங்க.

நடுவர் அவர்களே, ஒண்ணே ஒண்ணு. உலகத்துல கடைசியா டெக்கு செஞ்சிட்டிருந்த ஜப்பானோட ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோட நிறுத்திருச்சு. ஆனா நம்ம வீட்டுப் பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில, கல்யாணக் கேசட்டு இன்னும் இருக்கு. தாலி ஏறும்போது பின்னாடி நின்னு அழற அம்மா இன்னிக்கு இல்ல. அவங்க குரல் அந்த டேப்புல மட்டும்தான் இருக்கு. அதைப் பென்டிரைவ்ல ஏத்தித் தர்றது யாரு? பாதி ஷட்டர் இறக்கின கடையில உட்கார்ந்திருக்கிற அதே வீடியோ கடைக்காரர். 3 மணி நேரக் கேசட்டுன்னா 3 மணி நேரமும் ஓடவிட்டுத்தான் ஏத்தணும், குறுக்கு வழி கிடையாது. அம்மா குரல் வர்ற இடத்துல டேப்பு சிக்கினா நிறுத்துவாரு, கையால சுத்தி எடுப்பாரு, திரும்ப அங்கிருந்து ஓடவிடுவாரு.

எதிரணி அண்ணன் வீட்லயும் அப்படி ஒரு கேசட்டு கட்டாயம் இருக்கும். அதுக்கு எந்த ஆப்பைத் திறப்பீங்கன்னு நடுவர்கிட்ட சொல்லிட்டு உட்காருங்கண்ணே. நன்றி, வணக்கம்.